யொருபாவும் கோலா டுபோசுனும்: ஆப்பிரிக்க மொழிகளை இணையத்தில் எட்ட வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நைஜீரிய மொழியியலாளர் கோலா டுபோசுனின் பணியைப் பற்றிப் பேச்செடுத்தாலே சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்க மொழிகள் பற்றிய தகவலுக்குப் பஞ்சமே இல்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது குவிந்து கிடக்கிறது. ஆனால் அந்த மொழியைப் பேசுகிறவர் தன் கைபேசியில் அதைத் தேட முடிகிறதா, தட்டச்சு செய்ய முடிகிறதா, காதால் கேட்க முடிகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் இல்லை. டுபோசுன் வேலை செய்வது இந்த இடத்தில்தான்.

கோலா டுபோசுன் யார்?

1981இல் நைஜீரியாவின் இபாதான் நகரில் பிறந்தவர். அங்குள்ள பல்கலைக்கழகத்திலேயே மொழியியல் படித்தார். தந்தை ஒலாதுபோசுன் ஒலாதாப்போ யொருபா மொழியில் எழுதிய கவிஞர், வானொலியில் பணியாற்றியவர். தாய்மொழியில் எழுதுவதும் பேசுவதும் ஒரு தொழிலாகவே நடந்த வீட்டில் வளர்ந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அவருடைய பிடிவாதம் புரியும். 2009இல் ஃபுல்பிரைட் நல்கையில் அமெரிக்கா சென்று, தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட்ஸ்வில் வளாகத்தில் யொருபா கற்பித்தார். பிறகு ஊர் திரும்பி, 2015இல் யொருபாப் பெயர்களுக்கான இணைய அகராதியைத் தொடங்கினார். 2016இல் இத்தாலியின் ஒஸ்தானா ஊரில் தாய்மொழி இலக்கியத்துக்காகத் தரப்படும் விருதில் சிறப்புப் பரிசு பெற்றார். ஆங்கிலத்தில் கவிதையும் எழுதுகிறார்.

சுமார் நான்கு கோடிப் பேர் பேசும் மொழிக்கு என்ன குறை?

எண்ணிக்கை ஒரு மொழியைக் கணினிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடாது. யொருபா நைஜீரியாவின் தென்மேற்கிலும், பக்கத்தில் பெனினிலும், டோகோவிலும் பேசப்படுகிறது. பிரேசிலிலும் கியூபாவிலும் வழிபாட்டு மொழியாக நிலைத்திருக்கிறது. ஆனால் நைஜீரியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகள் இருக்க, அலுவலகம், நீதிமன்றம், உயர்கல்வி எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கின்றன. படித்தவர்கள் யொருபாவில் பேசுவார்கள், ஆங்கிலத்தில் எழுதுவார்கள். மென்பொருள் செய்கிற நிறுவனமும் ‘இவர்களுக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே’ என்று போய்விடுகிறது.

2012 மார்ச் 1 அன்று டுபோசுனும் நண்பர்களும் ஒரு காரியம் செய்தார்கள். அன்று முழுவதும் ட்விட்டரில் யொருபாவிலேயே எழுதுவோம் என்று அழைப்பு விடுத்தார்கள். இந்த மொழியில் எழுத ஆள் இருக்கிறது, தளத்தையும் இந்த மொழியில் தாருங்கள் என்பதுதான் கோரிக்கை. இத்தகைய கோரிக்கையை வெறும் ஆர்ப்பாட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதுகிறவர்கள் கண்ணுக்குத் தெரிந்தால்தான் நிறுவனங்கள் திரும்பிப் பார்க்கின்றன.

அகராதி என்றால் எல்லாச் சொற்களுக்கும் செய்யலாமே, ஏன் பெயர்களில் தொடங்கினார்?

பெயர் அகராதி அவருக்கு மாணவப் பருவத்து யோசனை. இபாதானில் இளங்கலை முடிக்கும்போது செய்த ஆய்வுத் திட்டமே யொருபாப் பெயர்களுக்கான பல்லூடக அகராதிதான்.

பெயரிலிருந்து தொடங்கியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். யொருபாப் பெயர் பெரும்பாலும் ஒரு முழு வாக்கியம். எழுவாய், வினை எல்லாம் உள்ளே இருக்கும். தாத்தா இறந்தபின் வீட்டில் பிறக்கும் ஆண் குழந்தைக்கு ‘பாபாதுண்டே’ என்று பெயர் வைப்பார்கள். அப்பா திரும்பி வந்துவிட்டார் என்று பொருள். இரட்டைக் குழந்தைகளில் முதலில் வருவது ‘தாய்வோ’, அடுத்து வருவது ‘கெஹிந்தே’. இதில் பின்னால் வந்த கெஹிந்தேதான் மூத்தவர். உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவர இளையவரை முன்னால் அனுப்பினார் என்பது அவர்கள் வழக்கு. இப்படிப் பிறப்பின் சூழலே முடிவுசெய்யும் பெயர்கள் ஒரு வகை. பெற்றோர் யோசித்து வைப்பவை இன்னொரு வகை. பாராட்டுப் பெயர்கள் தனி. ஆகவே பெயரைப் பிரித்துக் காட்டினாலே இலக்கணமும் வரலாறும் குடும்ப வழக்கமும் சேர்ந்து வந்துவிடுகின்றன.

நடைமுறைக் காரணமும் உண்டு. மொழியியலில் ஆர்வமே இல்லாதவரும் தன் பெயரைத் தேடிப் பார்ப்பார். லண்டனிலோ ஹூஸ்டனிலோ பிறந்து வளர்ந்து, யொருபா பேச வராத பிள்ளைக்கும் பெயர் இருக்கிறதே!

அந்த அகராதியில் ஒரு பெயரைத் திறந்தால் என்ன கிடைக்கும்?

‘அஜாயி’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். தாயின் வயிற்றிலிருந்து முகம் கீழ்நோக்கியபடி பிறந்த குழந்தைக்கு வைப்பது. அகராதியின் பதிவுகளில், குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சுரக்குறிகளோடு சரியான எழுத்து இருக்கும். பொருள் இருக்கும். பெயர் எந்தெந்தத் துண்டுகளால் ஆனது என்ற பிரிப்பு இருக்கும். எந்தப் பகுதியில் வழங்குகிறது, வேறு எப்படியெல்லாம் எழுதுகிறார்கள், அந்தப் பெயர் கொண்ட புகழ்பெற்றவர் யார் என்ற விவரங்களும் வரும். உச்சரிப்பைக் கேட்கவும் வழி செய்திருக்கிறார்கள். எல்லாப் பெயருக்கும் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்காது. அது வளர்ந்துகொண்டிருக்கும் அகராதி.

தேடுகிறவர் சுரக்குறி போடாமல் வெறும் எழுத்தை அடித்தாலும் சரியான பதிவுக்குப் போய்ச் சேர வேண்டும். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இது இல்லாவிட்டால், குறி போடத் தெரிந்தவருக்கு மட்டும் பயன்படும் அகராதியாகிவிடும். அவருக்கோ அகராதியே தேவையில்லை.

யார் வேண்டுமானாலும் பெயர் சேர்க்கலாமா?

பரிந்துரைக்கலாம். அது நேரடியாக வெளியாகாது. அகராதியியலாளர்கள் பார்த்து, எழுத்தையும் பொருளையும் சரிசெய்த பிறகே ஏறும். பின்னாலிருக்கும் மென்பொருள் திறந்த மூலம் என்பதால் வேறு மொழிக்காரர்களும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

எழுத்தின் மேலே கோடு, கீழே புள்ளி. அதற்கு இவ்வளவு பாடா?

ஆமாம், இந்தப் பாடு தேவை. யொருபா சுரமொழி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறும். உயர்வு, நடு, தாழ்வு என மூன்று சுரங்கள். உயர்சுரத்துக்கு உயிரெழுத்தின் மேல் வலப்பக்கம் ஏறும் கோடு, தாழ்சுரத்துக்கு இறங்கும் கோடு, நடுவுக்குக் குறியில்லை. இவை தவிர இரண்டு உயிர்களின் கீழும் ஒரு மெய்யின் கீழும் புள்ளி வரும். புள்ளி வந்தால் அது வேறு எழுத்து.

பள்ளிப் பாடங்களில் காட்டும் உதாரணம் ஒன்று: ‘இக்பா’. இந்த இரண்டு அசைகளையும் சுரம் மாற்றிச் சொன்னால் சுரைக்குடுவை, இருநூறு, காலம், ஒரு வகைக் கத்தரிக்காய், பனை ஏறும் கயிறு என்று ஐந்து பொருள் வரும். குறியில்லாமல் எழுதினால் ஐந்தும் ஒன்றாகிவிடும். பேசுகிறவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். கணினியால் அது முடியாது. வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு எந்தச் சுரம் என்று தெரியாது, மொழிபெயர்க்கும் மென்பொருளுக்கு எந்தப் பொருள் என்று தெரியாது.

நைஜீரிய நாளிதழ்களும் அரசு ஆவணங்களும் பெரும்பாலும் குறிகளைக் கைவிட்டுவிடுகின்றன. ஆங்கிலத்துக்கென்று செய்த விசைப்பலகையில் அவற்றைப் போடுவது பெரும் தொந்தரவு என்பதே முதல் காரணம். அதனால் டுபோசுனின் குழு யொருபாவுக்கும் இன்னொரு நைஜீரிய மொழியான இக்போவுக்கும் சுரக்குறி போடும் விசைப்பலகையைச் செய்து இலவசமாகத் தந்தது. விண்டோஸிலும் மேக்கிலும் நிறுவிக்கொள்ளலாம். அவர் செய்தவற்றில் அதிகம் பேசப்படாததும் எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். ஒருவர் ஒழுங்காக எழுத முடிந்தால்தான் அதன்பின் தேடலோ குரலோ மொழிபெயர்ப்போ வரும்.

யூனிகோடு வந்தபின்னும் என்ன சிக்கல்?

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் குறியீட்டு எண் தரும் பொது முறை யூனிகோடு. அது வந்தபின்னும் உள்ள சிக்கல் தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். ‘கொ’ என்ற எழுத்தை எடுங்கள். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் ‘இரண்டும் ஒன்றே’ என்று மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால், ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது.

யொருபாவில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். கீழே புள்ளியும் மேலே உயர்சுரக் கோடும் கொண்ட உயிரெழுத்துக்கு யூனிகோடில் தனிக் குறியீடு கிடையாது. எழுத்து, புள்ளி, கோடு என்று மூன்றாக அடுக்கலாம். புள்ளி வைத்த எழுத்தோடு கோட்டைச் சேர்க்கலாம். கோடு போட்ட எழுத்தோடு புள்ளியையும் சேர்க்கலாம். மூன்றும் கண்ணுக்கு ஒன்று. யூனிகோடு விதிப்படி இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர முடியும், ஆனால் ஒவ்வொரு தளமும் அதைச் செய்தாக வேண்டுமே. செய்யாத தளத்தில் சொந்தப் பெயரைத் தேடினாலும் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்றுதான் வரும்.

எழுத்துருச் சிக்கலும் உண்டு. சரியாகச் செய்யப்படாத எழுத்துருவில் மேல்கோடு பக்கத்து எழுத்தின் மேல் போய் உட்காரும், அல்லது வெற்றுக் கட்டமாகத் தெரியும். பெயரில் இந்தக் குறிகளைப் போட்டால் ஏற்க மறுக்கும் விண்ணப்பப் படிவங்களும் உண்டு.

ஒரே மொழியை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி எழுதுகிறார்களா?

இல்லை. நைஜீரியாவில் கீழ்ப்புள்ளி போட்டு எழுதும் இரண்டு உயிர்களுக்கும், எல்லை தாண்டிப் பெனினுக்குப் போனால், ஒலிநெடுங்கணக்கிலிருந்து எடுத்த தனி வடிவங்கள். பேச்சு ஒன்று, எழுத்து இரண்டு. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போட்ட எல்லைக்கோடு அப்படியே தேடுபொறிக்குள் வந்துவிட்டது. இப்பக்கத்துக் கட்டுரை அப்பக்கத்துத் தேடலில் சிக்காது. மேற்கு ஆப்பிரிக்காவின் பல மொழிகளுக்கு இதே கதை.

ஆப்பிரிக்க மொழிகளைப் பற்றிய தகவல் முதலில் எப்படிச் சேர்ந்தது?

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். யொருபாவின் முதல் சொற்பட்டியல்களில் ஒன்றை 1843இல் வெளியிட்டவர் சாமுவேல் அஜாயி க்ரௌதர். ஆம், அஜாயி. அவரும் யொருபாக்காரர்தான். 1821இல் சிறுவனாக இருக்கும்போது அடிமை வேட்டைக்காரர்களிடம் பிடிபட்டார். அவரை ஏற்றிச் சென்ற கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படை மறித்து, எல்லோரையும் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறக்கிவிட்டது. அங்கே படித்துப் பாதிரியாராகி, 1864இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயரானார். விவிலியத்தை யொருபாவுக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு அவருடையது.

அதே ஃப்ரீடவுனில் ஜெர்மானியரான சிகிஸ்முண்ட் கோலே, விடுவிக்கப்பட்ட அடிமைகளைச் சந்தித்து அவரவர் தாய்மொழியில் ஒரே சொற்பட்டியலைச் சொல்லச் சொல்லி எழுதினார். சுமார் முந்நூறு சொற்களும் தொடர்களும், நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில். 1854இல் அது அச்சானது. இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். சில மொழிகளுக்கு அதுவே மிகப் பழைய பதிவு. ஊரையும் உறவையும் இழந்து, திரும்பிப் போக வழியில்லாமல் நின்றவர்கள் நினைவிலிருந்து சொன்ன சொற்கள் அவை. அதை ஒரு தரவுத்தளத்தின் வரிசையாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

1859இல் அபெயோகூட்டா ஊரில் ஹென்றி டவுன்செண்ட் என்ற பாதிரியார் யொருபாவில் செய்தித்தாளே தொடங்கிவிட்டார். இப்படி 19ஆம் நூற்றாண்டில் அச்சான ஆப்பிரிக்க மொழி நூல்களில் ஏராளமானவை ஐரோப்பிய நூலகங்களில் இருக்கின்றன. டுபோசுன் 2019இல் பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் நல்கை பெற்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் ஆய்ந்தது இந்தச் சேகரிப்பைத்தான். இபாதானில் இருக்கும் மாணவர் தன் மொழியின் பழைய அச்சு நூலைப் பார்க்க விசா வாங்க வேண்டியிருக்கிறது. வருடி (ஸ்கேன் செய்து) பொதுவெளியில் போடுவதற்கு இதைவிடப் பெரிய நியாயம் வேண்டுமா?

வருடிப் போட்டால் வேலை முடிந்ததா?

பாதிதான் முடியும். பாரிஸ் அருகே வில்ஜுயிஃபில் இயங்கும் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கியோம் செகெரர், ரெஃப்லெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சொற்களஞ்சியத் தரவுத்தளத்தை உருவாக்கினார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். ஒரு சொல்லைத் தேடினால், அது எந்த நூலிலிருந்து வந்ததோ அந்த நூலின் வருடிய பக்கத்தையும் பார்க்கலாம். ‘தொகுத்தவர் தவறாகப் படித்திருப்பாரோ’ என்று சந்தேகம் வந்தால் மூலத்தையே கண்ணால் சரிபார்த்துக்கொள்ளலாம். தரவுத்தளம் கட்டுகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

ஸ்வீடனின் யோத்தபோரியில் இருந்த யோனி ஃபிலிப் மாஹோ வேறொரு கோணத்தில் உழைத்தார். ஆப்பிரிக்க மொழிகளைப் பற்றி யார் எங்கே என்ன எழுதியிருக்கிறார்கள் என்ற மாபெரும் நூலடைவை இணையத்தில் போட்டார். மொழியியலாளர் மால்கம் கத்ரி, ஆப்பிரிக்காவின் பெரிய மொழிக்குழுவான பாண்டு மொழிகளுக்கு வகுத்த எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டு முறையை விரிவாக்கி 2009இல் இலவசமாக வெளியிட்டார். அவருடைய நூலடைவு பிறகு குளோட்டோலாக் என்ற உலக மொழிப் பட்டியலுக்குள்ளும் சேர்ந்தது. லைப்சிக்கின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் நடத்தும் அந்தத் தளம் முழுவதும் இலவசம். எத்னோலாக் என்ற இன்னொரு உலக மொழிப் பட்டியலில் முழு விவரம் பார்க்கப் பலரும் சந்தா கட்ட வேண்டியிருக்கிறது. 

பேச ஆளே இல்லாத மொழிக்கு இணையத்தில் இடம் எதற்கு?

தென்னாப்பிரிக்காவின் ‘க்ஸாம்’ மொழியைச் சொல்கிறேன். இந்தப் பெயரின் தொடக்கத்தில் நாக்கைப் பல்லோடு ஒட்டி இழுத்தெடுக்கும் சொடுக்கொலி ஒன்று உண்டு. தமிழ் எழுத்தில் அது வராது. 1870இலிருந்து வில்ஹெல்ம் ப்ளீக்கும் அவர் மனைவியின் சகோதரி லூசி லாயிடும் கேப் டவுனில் தங்கள் வீட்டில் இம்மொழி பேசுவோரைத் தங்கவைத்துக் கதைகளையும் சொற்களையும் எழுதிக்கொண்டார்கள். அவர்களில் சிலர் சிறையிலிருந்து வந்த கைதிகள். ப்ளீக் 1875இல் இறந்தபின் லாயிட் விடாமல் தொடர்ந்தார். குறிப்பேடுகளில் சுமார் 12,000 பக்கங்கள். 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. இன்று அந்தப் பக்கங்களை, ஒருபக்கம் க்ஸாம் மறுபக்கம் ஆங்கிலம் என்று அவர்கள் எழுதிய கையெழுத்திலேயே, இணையத்தில் வாசிக்கலாம்.

பேசுவோர் இன்று எவரும் இல்லை. ஆனாலும் 2000ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கா தன் புதிய அரசுச் சின்னத்தின் முத்திரைவாக்கியத்தை இம்மொழியில்தான் பொறித்தது. அந்தக் குறிப்பேடுகள் இல்லாவிட்டால் பொறிக்க வாக்கியமே இருந்திருக்காது.

சொடுக்கொலிகளுக்கு யூனிகோடில் தனி எழுத்துகள் உண்டு. அதில் ஒன்று பார்க்க ஆச்சரியக்குறி போலவே இருக்கும், ஆனால் குறியீட்டு எண் வேறு. பலர் அவசரத்தில் ஆச்சரியக்குறியையே தட்டிவிடுகிறார்கள். கணினி அதை நிறுத்தக்குறி என்று எண்ணிச் சொல்லை இரண்டாக வெட்டிவிடும். நமீபியாவில் கோய்கோய் மொழியில் இன்றும் எழுதுகிறவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை.

இருக்கிற எழுத்து போதாது என்று புது எழுத்தே வகுத்தவர்களும் உண்டா?

உண்டு. 1989இல் கினி நாட்டில் இப்ராஹிமா பாரி, அப்துலாயே பாரி என்ற இரண்டு சகோதரர்கள், ஒருவருக்கு 14 வயது, மற்றவருக்கு 10, தங்கள் ஃபுலானி மொழிக்குப் புதிதாக எழுத்து வகுத்தார்கள். அரபு எழுத்தில் சில ஒலிகள் சரியாக வராததுதான் காரணம். ‘அட்லம்’ என்ற அந்த எழுத்தைச் சந்தைகளிலும் வீடுகளிலும் கற்பித்தார்கள், கையாலேயே நூல்களைப் படியெடுத்தார்கள். 2016இல் யூனிகோடில் ஏறியது. இப்போது கைபேசியிலேயே அட்லமில் செய்தி அனுப்புகிறார்கள். பல்கலைக்கழகமும் அரசும் தொடங்கி வைக்காத வேலை இது.

எழுத்து சரி, குரல்?

கூகுள் 2019இல் நைஜீரிய ஆங்கில உச்சரிப்போடு ஒரு குரலை வெளியிட்டது. அந்தப் பணியில் இருந்த மொழியியலாளர் டுபோசுன். அதற்கு முன் லாகோஸில் வழிகாட்டும் செயலி தெருப்பெயர்களை லண்டன்காரரோ நியூயார்க்காரரோ படிப்பது போலப் படித்தது. தெருப்பெயர்கள் பெரும்பாலும் யொருபா. காதில் விழுந்த பெயரை வைத்து ஓட்டுநர் தெருவைக் கண்டுபிடிக்க முடியாது.

யொருபாவுக்கே எழுத்திலிருந்து குரல் எழுப்பும் கருவியையும் அவருடைய குழு செய்திருக்கிறது. யொருபாவின் அசையமைப்பு எளிது. பெரும்பாலும் ஒரு மெய், ஓர் உயிர், ஒரு சுரம். மெய்க்கூட்டங்கள் இல்லை. ஆகவே அசைகளை எண்ணி முடித்துவிடலாம். சுரக்குறி ஒழுங்காக இருந்தால் பாதி வேலை எழுத்திலேயே நடந்துவிடும்.

பேச்சுத் தரவில் எல்லோரையும் வியக்க வைத்தது ருவாண்டா. மோசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தன்னார்வலர்கள் கின்யாருவாண்டா மொழியில் 2,000 மணி நேரத்துக்கும் மேலாக வாக்கியங்களைப் படித்துப் பதிவுசெய்தார்கள். உலகின் பெரிய மொழிகள் பலவற்றுக்கும் அந்தத் திட்டத்தில் அத்தனை ஒலி சேரவில்லை.

கூகுள் மொழிபெயர்ப்பில்தான் எல்லாம் வந்துவிட்டதே?

யொருபா, ஹவுசா, இக்போ, சோமாலி, சூலு 2013 இறுதியில் வந்தன. 2022இல் சேர்த்த 24 மொழிகளில் பத்து ஆப்பிரிக்க மொழிகள். 2024இல் சேர்த்த 110இல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. ஆப்பிரிக்காவில் சுமார் இரண்டாயிரம் மொழிகள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022இல் வந்தவை இணைமொழி உரை (ஒரே செய்தியை இரு மொழிகளில் தரும் உரை) இல்லாமல், அந்த மொழியின் தனி உரையை மட்டும் வைத்துப் பழக்கப்பட்டவை. ஒரு செய்தியின் சாரம் புரிய உதவும். மருந்துச் சீட்டுக்கோ நீதிமன்றத்துக்கோ நம்பிப் போகாதீர்கள்.

தரவு யாருக்குச் சொந்தம்?

இப்போது சூடாக நடக்கும் விவாதம் இதுதான். 2019இல் தொடங்கிய மசாகானே என்ற அமைப்பில் ஆப்பிரிக்க ஆய்வாளர்களே சேர்ந்து தங்கள் மொழிகளுக்குக் கணினிக் கருவிகள் செய்கிறார்கள். சூலு மொழியில் ‘சேர்ந்து கட்டுவோம்’ என்று பொருள். ஆரம்பத்தில் பல மொழிகளுக்கு அவர்களிடம் இருந்த ஒரே பெரிய இணைமொழித் தொகுப்பு, யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ அமைப்பின் தளத்திலிருந்து எடுத்து 2019இல் வெளியிடப்பட்டது. பிறகு பதிப்புரிமைப் பிரச்சினையால் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அதை நம்பியிருந்த வேலைகள் தவித்துப்போயின.

மறுபக்கமும் உண்டு. கிராமத்துப் பாட்டி சொன்ன கதையை எல்லோருக்கும் திறந்து போட்டால், அதை முதலில் அள்ளிக்கொண்டு போவது பெரிய நிறுவனமாகத்தான் இருக்கும். பாட்டியின் பேத்தி அதே நிறுவனத்தின் சேவைக்குக் காசு கட்டுவாள். படிக்கிறவருக்கும் பேசுகிறவருக்கும் இலவசம், லாபத்துக்குப் பயன்படுத்துகிறவர் மொழிச் சமூகத்துக்கு ஏதாவது திருப்பித் தரவேண்டும் என்ற வகை உரிமங்களே நியாயம் என்பது என் நிலைப்பாடு. ஆப்பிரிக்கச் சட்ட அறிஞர்கள் அத்தகைய உரிமங்களை எழுதிவருகிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் பணம்?

பெயர் அகராதி பொதுமக்கள் இணையவழி தந்த நன்கொடையில் தொடங்கியது. தன்னார்வ உழைப்பு அதிகம். நல்கை வந்தால் வேகம், வராவிட்டால் மெதுவாக. இணையதளத்தைத் தாங்கும் வழங்கிக்கு (சர்வருக்கு) வருடாவருடம் கட்டும் கட்டணம்தான் இத்தகைய பல திட்டங்களைக் கொன்றிருக்கிறது. நூலடைவோ சொற்பட்டியலோ தனியொருவரின் பக்கத்தில் மட்டும் இருந்தால், அவர் ஓய்வுபெற்றதும் அதுவும் போய்விடும். பல்கலைக்கழக ஆவணக்காப்பகம் ஒன்றில் பிரதி வைத்துவிடுவது நல்லது.

யொருபாப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது?

விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களும் விளையாட்டுச் செய்தியாளர்களும் கேட்பது. ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படியே மாற்றாதீர்கள். யொருபா எழுத்தில் வரும் பகரம், ககரமும் பகரமும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ‘க்ப’. நைஜீரிய ஆங்கிலத்தில் அதை வெறும் பகரமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டதால் ‘ப’ என்று எழுதலாம், தவறில்லை. கீழ்ப்புள்ளி வைத்த சகரம் எப்போதும் ‘ஷ’. ஆங்கிலச் செய்திகளில் புள்ளியை விட்டுவிடுவதால் ‘ஸ’ என்று எழுதிவிடுகிறோம். நோபல் பரிசு பெற்ற நைஜீரிய எழுத்தாளரின் பெயர் ‘ஷோயிங்கா’, ‘சோயிங்கா’ அன்று. கீழ்ப்புள்ளி வைத்த உயிர்கள் வாயை அகலத் திறந்து சொல்பவை. அவற்றுக்குத் தமிழில் எ, ஒ போதும். சுரத்தைத் தமிழ் எழுத்தில் காட்ட வழியில்லை. கட்டுரையில் ஓரிடத்திலாவது சுரக்குறியோடு மூல எழுத்தைக் கொடுத்துவிடுங்கள். குறி எங்கே வரும் என்று சந்தேகம் வந்தால் டுபோசுனின் அகராதியில் வெறும் எழுத்தைத் தட்டிப் பாருங்கள், பெரும்பாலான பெயர்கள் இருக்கும். இல்லாவிட்டால் அங்கேயே பரிந்துரைக்கும் படிவம் உண்டு.